பத்தடி தூரத்துக்கு 120 இஞ்ச் ஸ்கிரீனா?

கோரிப்பாளையம்:
"சோபாவிலிருந்து சுவர் பத்தடின்னா 120 இஞ்ச் ப்ரொஜெக்டர் ஸ்கிரீன் தாராளமா மாட்டலாம்"னு நம்ம மொட்டைமாடி நேத்து இங்கே எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. அதை நம்பி யாராவது காசைக் கொட்டிடப் போறாங்க. 120 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கிற ஸ்கிரீனில் அகலம் 105 இஞ்ச், உயரம் 59. தியேட்டர் தரத்துக்கு அளவுகோல் வகுக்கிற டிஹெச்எக்ஸ் (THX) நிறுவனம் சொல்ற 40 டிகிரி பார்வைக் கோணத்துக்கு 12 அடி தள்ளி உட்காரணும். பத்தடிக்கு 100 இஞ்ச்தான்.

மொட்டைமாடி:
மூணு வருஷமா எங்க வீட்டில் பத்தடி, 120 இஞ்ச். எனக்கும் கழுத்து வலிக்கலை, எங்கப்பாவுக்கும் வலிக்கலை. நீங்க 120-ல் ஒரு படமாவது முழுசா பார்த்திருக்கீங்களா?

கோரிப்பாளையம்:
பார்த்துட்டுத்தான் சொல்றேன். பத்தடியில் 47 டிகிரி வருது. சப்டைட்டிலையும் முகத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது.

சவுண்டுபார்ட்டி:
ப்ரொஜெக்டர் என்ன ரெசல்யூஷன், அதாவது படத்தில் எத்தனை புள்ளி? 1080பி-யில் பத்தடி, 120-ன்னா கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்குப் புள்ளி தெரியும். நிஜமான 4கே-ன்னா புள்ளி இன்னும் பொடிசு, தெரியாது. மலிவு மாடல் பெட்டியில் "4கே சப்போர்ட்"னு போட்டிருப்பான், உள்ளே 1080பி-தான் இருக்கும்.

மொட்டைமாடி:
என்னுது நிஜ 4கே. அதான் பத்தடி போதும்கறேன்.

கோரிப்பாளையம்:
புள்ளி தெரியலைன்னா கோணம் குறைஞ்சிடுமா? இன்னொண்ணு, 100-ஐ விட 120-க்குப் பரப்பு 44 சதவீதம் அதிகம். அதே விளக்கு, அதே வெளிச்சம், அத்தனை இடத்தில் பரவுது. படம் மங்கும்.

மொட்டைமாடி:
ராத்திரி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கிறேன், மங்கலை. போன வருஷம் வூஃபர் விஷயத்திலும் இப்படித்தான் கணக்கா போட்டுத் தள்ளினீங்க. கடைசியில் நான் சொன்ன மாடலைத்தானே வாங்கினீங்க?

கோரிப்பாளையம்:
அது தள்ளுபடியில் கிடைச்சதால் வாங்கினது. வூஃபரை ஏன் இழுக்கறீங்க? பத்தடிக்குப் பதில் சொல்லுங்க.

வாடகைவீடு:
ரெண்டு பேரும் ப்ரொஜெக்டரை எங்கே வைப்பீங்க? த்ரோ ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி ப்ரொஜெக்டரை வைக்கணும்கிற கணக்கு, 1.5-ன்னா 105 இஞ்ச் அகலத்துக்கு 13 அடி பின்னால் போகணும். எங்க ஹால் நீளமே 12 அடி. நடுவில் சீலிங் ஃபேன் வேற. மேலே மாட்டினா இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் படம் துடிக்குது.

மொட்டைமாடி:
ஃபேனைக் கழட்டிட்டு ஏசி போடுங்க.

வாடகைவீடு:
வாடகை வீட்டில் வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டேங்கறார். ஃபேனைக் கழட்டச் சொல்ற ஆளைக் கூட்டிட்டு வந்து அவர்கிட்ட பேசவிடணும்.

சவுண்டுபார்ட்டி:
கிட்ட வெச்சாலே பெரிய படம் விழற ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர் வாங்குங்க அண்ணே, ஃபேனுக்கு முன்னாலேயே வெச்சிடலாம். சரி, ஸ்கிரீனே எதுக்கு? சுவரில் வெள்ளை மேட் பெயின்ட் அடிச்சா போதாதா?

கோரிப்பாளையம்:
சுவர் மேடுபள்ளம் எல்லாம் படத்தில் தெரியும். ஒண்ணு செய்யலாம். எட்டு முழ வேட்டியைச் சுவரில் குறுக்காப் பிரிச்சுக் கட்டுங்க. அகலம் 50 இஞ்ச், 100 இஞ்ச் ஸ்கிரீனின் உயரம் 49. நீளத்தில் 87 இஞ்ச் விட்டு மீதியை மடிச்சா 100 இஞ்ச் ஸ்கிரீன் கண்முன்னால் நிக்கும். பத்தடியில் உட்கார்ந்து பாருங்க, எவ்வளவு பெருசுன்னு அப்பத் தெரியும். மொட்டைமாடியும் கட்டிப் பார்க்கட்டும்.

மொட்டைமாடி:
வேட்டி கட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை, ஸ்கிரீனே இருக்கு. நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க, எங்க வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பாருங்க.

கோரிப்பாளையம்:
வரேன். 12 அடி தள்ளி நாற்காலி போட இடம் இருக்கா?

மொட்டைமாடி:
பத்தடிதான் இருக்கு.