நாய் உள்ள வீட்டில் ரீடிங் எடுப்பது: கள ஊழியருக்கு என்ன நடைமுறை வைக்கலாம்?

பிரிவுமேசை (கேள்வி)

வணக்கம். ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நாய்க்கடித் தடுப்பு நடைமுறையை ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போகும் கணக்கீட்டாளர், பியூஸ் போன புகாருக்கு இரவில் போகும் கம்பியாளர், கூடப் போகும் ஒப்பந்த ஆட்கள் என மூன்று தரப்புக்கும் அது பொருந்த வேண்டும். மீட்டர் பெரும்பாலும் கேட்டைத் தாண்டி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நாயும் அதே நிழலில்தான் படுக்கிறது.

இப்போது இருப்பது "கவனமாகச் செல்லவும்" என்ற ஒற்றை வரி. அதை வைத்து யாரும் எதையும் தவிர்க்க முடியாது. கேட்டில் என்ன வரிசையில் செய்வது, தெருநாய்க் கூட்டம் வந்தால் என்ன செய்வது, கையில் எதைக் கொடுக்கலாம், கடித்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்பாதை

சார், கேட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் இருக்கிற பத்தடிதான் விஷயமே. நாய்க்கு அது தன் எல்லை. அதனால் முடிவு கேட்டுக்கு வெளியிலேயே எடுக்கப்பட வேண்டும்.

கொண்டியைத் தட்டி "ஈ.பி. ரீடிங்" என்று சத்தமாகக் குரல் கொடுத்துவிட்டு, மனசுக்குள் பதினைந்து எண்ணணும். பிறகு இன்னொரு தடவை தட்டணும். காது மந்தமான கிழட்டு நாய் முதல் சத்தத்துக்கு எழாது. ஆள் பக்கத்தில் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து கடிப்பது அந்த மாதிரி நாய்தான். எண்ணுகிற நேரத்தில் கண் தேட வேண்டியவை: தண்ணீர்க் கிண்ணம், சங்கிலி, கேட்டின் அடிப்பக்கத்தில் நகக்கீறல், கடித்துக் குதறிய செருப்பு, நிற்கும் காருக்கு அடி. "நாய் ஜாக்கிரதை" போர்டு இல்லை என்பதை நாய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாய் இருந்தால் வீட்டார் வெளியே வரும்வரை கேட்டைத் திறக்கக் கூடாது. "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்பார்கள். அவர்களை அது ஒன்றும் பண்ணாது, உண்மைதான். நாயை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்பதை ஏற்கக் கூடாது. கட்டிப்போட்டிருந்தால் சங்கிலி நீளத்தோடு நாயின் உடல் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆறடிச் சங்கிலி என்றாலும் பெரிய நாய் அதைத் தாண்டி எட்டும். மீட்டர் அந்த வட்டத்துக்குள் இருந்தால் கட்டியும் பயனில்லை. கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

உள்ளே திறக்கும் கேட் என்றால் கதவைப் பிடித்த கையை விடாமல் கால்வாசி மட்டும் திறந்து பார்க்கணும். பாய்ந்தால் இழுத்துச் சாத்த முடியும். நுழைந்த பிறகு கேட்டைச் சாத்தலாம், கொண்டி போட வேண்டாம். திரும்பி ஓடி வரும்போது கொண்டியைத் தேட நேரம் இருக்காது.

படிக்கு அடியில் குனிவதுதான் அடுத்த ஆபத்து. முகம் நாயின் உயரத்துக்கு வந்துவிடும். குந்தாமல், போனை நீட்டிப் படம் எடுத்து ரீடிங்கைப் பாருங்கள். டிஸ்ப்ளே மாறிக்கொண்டே இருக்கும். யூனிட் காட்டும் திரை வரும்வரை காத்திருங்கள். முதுகு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். வெளியேறும்போதும் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து வர வேண்டும். வரும்போது சும்மா இருந்த நாய், ஆள் திரும்பியதும் பின்னங்காலைக் கவ்வுவது வழக்கம்.

கம்பத்தடி

மின்பாதை அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். கொண்டி போடாமல் விட்டால் நாய் தெருவுக்கு ஓடி, போகிற பிள்ளையைக் கடிக்கலாம். பகலில் ஒற்றையாளாகப் போகும் கணக்கீட்டாளருக்கு அவர் சொன்னது சரி. இரவுப் புகாருக்கு இரண்டு பேர் போவதால், இரண்டாமவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும். டார்ச்சை நாயின் கண்ணில் அடிக்காமல் தரையில் அடிக்கச் சொல்லுங்கள்.

கம்பியாளருக்குக் கடியைவிடப் பெரிய ஆபத்து திடுக்கிடல். பியூஸ் கேரியரை (பியூஸ் கம்பி கட்டிய பிடியை) பிடுங்கும்போதோ, பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) கதவு திறந்திருக்கும்போதோ பின்னால் நாய் குரைத்தால் கை தானாக இழுபடும். அந்த அரை நொடியில் விரல் எதைத் தொடும் என்று சொல்ல முடியாது. அதனால் நாய் கட்டப்படும்வரை, கூட்டமாக இருந்தால் கலையும்வரை பெட்டியைத் திறக்கவே கூடாது. கம்பத்தில் ஆள் இருக்கும்போது ஏணியைப் பிடிப்பவர் நாயைத் துரத்தப் போகக் கூடாது. டிரான்ஸ்பார்மர் வேலிப் புதரில் குட்டி போட்ட நாய் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். தாய்நாய் எச்சரிக்காமலே கடிக்கும்.

தெருநாய்க் கூட்டம் என்றால்: ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பையை நடுவில் வைத்து, சுவர் அல்லது நிற்கும் வண்டியை முதுகுக்குக் கொடுத்துச் சிறு அடிகளாக நகர வேண்டும். முதுகுப்பை இதற்கு உதவாது. தோளில் தொங்கவிடும் பை வேண்டும். இரு சக்கர வண்டியில் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் துரத்தல் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். முறுக்கினால் விழுந்துதான் அடிபடும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கையால் காதை மூட வேண்டும். கவ்விவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். பையை அதன் வாயில் திணியுங்கள்.

குரைக்கிற நாயைவிட, வால் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, சத்தமில்லாமல் அசையாமல் பார்க்கிற நாயிடம் கவனம் வேண்டும்.

கையில் கொடுப்பதற்கு: பட்டனில் விரியும் பெரிய குடை. அதைவிட மலிவான தடுப்பு கிடையாது, மழைக்கும் வெயிலுக்கும் ஆகும். ஓங்கிய கம்பு நாயைச் சீண்டிவிடும். இரும்புக் கம்பி மின்பாதைக்குக் கீழே கூடவே கூடாது. மிளகு ஸ்பிரே கடைசி வழி. காற்று எதிரே அடித்தால் நம் கண்ணில்தான் விழும், ஏணியில் இருப்பவர் அதைத் தொடவே கூடாது, காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி நாயை விரட்டும் கேளா ஒலிக் கருவியை நம்பி யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். சில நாய் நின்றுவிடும், சில நாய்க்குக் கோபம் ஏறும். செருப்புக்குப் பதில் ஷூவும் தடித்த துணியில் தொளதொள முழுக்கால் பேண்டும் கட்டாயம். முழங்கால்வரை வரும் பாம்புக்கடிக் காப்புறையை மே மாத வெயிலில் நாள் முழுக்க யாரும் போடமாட்டார்கள். புதர் வேலைக்கு மட்டும் ஒரு ஜோடி வண்டியில் இருக்கட்டும்.

கடிவாய்

கடித்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதைத் தனி அட்டையாக அச்சிட்டுப் பையில் வையுங்கள்.

முதலில் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைக்கிறது. ஒரு லிட்டர் பாட்டில் பதினைந்து நிமிடத்துக்கு வராது. எந்த வீட்டுக் குழாயாக இருந்தாலும் கேட்டுக் கழுவுங்கள். சோப்புத் துண்டு ஒன்றும் போவிடோன் அயோடின் சிறு புட்டி ஒன்றும் பையில் இருக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், எருக்கம்பால் எதுவும் போடாதீர்கள். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம்.

அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியைத் தோலில் போடும் முறை என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மி.லி. தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. மேற்கையில்தான் போட வேண்டும், பிட்டத்தில் கூடாது. தோல் கிழிந்த கடி, கீறிய தோலில் அல்லது கண், வாயில் எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் (கிருமியை உடனே தடுக்கும் தயார் எதிர்ப்பு மருந்து) அவசியம். குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட்: 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட், அதாவது 300 யூனிட் செறிவுள்ள மருந்தில் 8 மி.லி. அது கடிவாய்க்குள்ளும் அதைச் சுற்றியும் இறங்க வேண்டும். சீரம் இல்லை என்று சொன்னால் தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாட்களுக்குள் போட்டாக வேண்டும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, "வீட்டு நாய்தான், ஊசி போட்டிருக்காங்க" என்று விட்டுவிடுவது. நாயைப் பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் கவனித்துக்கொண்டே நம் ஊசியைத் தொடங்க வேண்டும். மற்றொன்று, காது நுனி வெட்டிய தெருநாய் பத்திரம் என்பது. அந்த அடையாளம் கருத்தடை செய்ததற்கு. அன்று போட்ட ரேபிஸ் ஊசிக்கு ஆண்டுதோறும் மறுஊசி வேண்டும், அது போடப்பட்டதா என்று காது சொல்லாது.

பிரிவுமேசை, உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: களத்துக்குப் போகும் எல்லோருக்கும் கடிபடும் முன்பே 0, 7, 21 அல்லது 28 ஆம் நாட்களில் முன்தடுப்பூசி. பிறகு கடிபட்டால் 0, 3 என இரண்டு நாள் ஊசி போதும், சீரம் தேவைப்படாது. ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரிவுமேசை

மிக்க நன்றி. நாயைக் கட்ட மறுக்கும் வீட்டாரை என்ன செய்வது? "கதவு பூட்டு" என்று போட்டுவிட்டு வரச் சொல்லலாமா?

பதிவேடு

போடச் சொல்லாதீர்கள். "கதவு பூட்டு" என்று பதிந்தால் முந்தைய கணக்கீட்டை வைத்துத் தொகை போகும். நாய் இருந்த தகவல் அங்கேயே தொலைந்துவிடும். அடுத்த முறை புது ஆள் அதே கேட்டைத் தட்டுவார். தனிக் குறிப்பு வேண்டும்: மின் இணைப்பு எண், எத்தனை நாய், எங்கே கட்டுவார்கள், வீட்டார் கைபேசி, எந்த நேரம் ஆள் இருப்பார்கள், கடைசியாகப் பார்த்த தேதி. கணக்கீட்டாளர் மாறும்போது இந்தப் பட்டியல்தான் முதலில் கைமாற வேண்டும். கணக்கீட்டுக்கு முந்தின நாள் பட்டியலில் உள்ள எண்களுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி போனால் போதும்.

உதவி மின்பொறியாளர் கையெழுத்தோடு ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்: நாய் கட்டப்படாததால் திரும்பி வந்த ஊழியரிடம் விளக்கம் கேட்கப்படாது. இந்த வரி இல்லாவிட்டால், நாள் இலக்கை முடிக்கிற அவசரத்தில் மேலே சொன்ன பதினைந்தை யாரும் எண்ணமாட்டார்கள்.

மறுத்துக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு: மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 163, எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்து 24 மணி நேரம் கழித்து இணைப்பைத் துண்டிக்க இடம் தருகிறது. கடித்துவிட்டால் நாயை அலட்சியமாக விட்டவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவு 291: ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸுக்கு முன், மீட்டரைத் தெருப்பக்கச் சுற்றுச்சுவருக்கு மாற்றிக் கண்ணாடி வைத்த பெட்டியில் போடச் சொல்லிப் பாருங்கள். செலவு ஒரு தடவைதான், அதோடு அந்த வீட்டில் உள்ளே போகிற வேலையே முடிந்தது.

கடிபட்டவர் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலை அன்றே கேட்டு வாங்க வேண்டும். பணி நேரம், இடம், மின் இணைப்பு எண் அதில் இருக்கட்டும். ஒப்பந்த ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் ஊழியர் இழப்பீடு கேட்கும்போதும் (முன்பு 1923 ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020) பணியிடக் காயம் என்று நிரூபிக்க அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.