புதுப்பிப்பு: காமிக்ஸ் ஆல்பத்தின் 7/8 பகுதி சரியாகிவிட்டது

முந்தைய இழையில் கேட்டது: மாயக்கதை காமிக்ஸை வைத்து வீட்டிலேயே பதியும் ப்ராக் ராக் (சிக்கலான தாளங்கள் கொண்ட ராக் இசை) ஆல்பத்தில், கோட்டை முற்றுகைக் காட்சியின் 7/8 (பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஏழு தட்டு) ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) டிரம்ஸோடு ஒட்டவில்லை. இப்போது ஒட்டுகிறது.

கோளாறு கிளிக்கில், அதாவது வாசிக்கும்போது காதில் தாளம் காட்டும் டிக்-டிக் ஒலியில். ஏழு தட்டும் ஒரே அழுத்தத்தில் ஒலித்தால் கை எட்டாவதைத் தேடும். 2+2+3 என அழுத்தம் வைத்துத் தனி கிளிக் டிராக் போட்டாலே போதும். டிரம்ஸை 4/4-லேயே (அதே தட்டுக் கணக்கில் பாருக்கு எட்டு) ஓடவிட்டால், 8 ரிஃப் சுற்று முடியும்போது 7 டிரம்ஸ் பாரும் முடியும். இரண்டும் கூடும் அந்த முதல் தட்டுதான் காமிக்ஸின் முழுப்பக்கப் படத்துக்கான இடம்.

மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலியைக் கட்டையால் ஒலிக்கவிடும் பழைய கீபோர்டு) சாம்பிளில் கவனம். அசல் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் சுமார் 8 நொடி டேப்தான். 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 கால் நோட்; நம் ஏழு தட்டில் ஒன்று அதில் பாதி) ஒரு 7/8 பார் 1.5 நொடி; ஐந்து பாருக்குள் கார்டின் இன்வர்ஷனை (அதன் சுரங்களின் மேல்-கீழ் அடுக்கை) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சாம்பிள் திரும்பச் சுற்றும் லூப் பல்லிளிக்கும்.

இடம், வலம் கிட்டாரைத் தனித்தனியாக இருமுறை வாசியுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து 15 மில்லிசெகண்ட் தள்ளுவது ஏமாற்று வேலை. மோனோவில் (இரு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும்போது) சில அதிர்வெண்கள் வெட்டுப்பட்டு ஒலி தகரமாகிவிடும். கெயினையும் (கிட்டார் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவு) குறையுங்கள், இரண்டு டேக் சேர்ந்தால் தானாகவே தடிக்கும்.

இனி பேஸ் கிட்டார் பதிவதுதான் பாக்கி. 24 பிட், உச்சம் -10 டிபிக்குள். டிஐ டிராக்கை (ஆம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிந்தது) அழிக்காதீர்கள், ஆம்ப் சிமுலேட்டரைப் (ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருளை) பிறகு மாற்றிக்கொள்ளலாம்.