நிலாவெளிக் காணியை விற்று லண்டனில் தங்கச்சிக்குப் பிரைவேட் வைத்தியம்: செய்யலாமா?

உப்புவெளி அக்கா:

வணக்கம். தங்கச்சி குடும்பம் லண்டன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. லண்டன் என்பது வாய்ப்பழக்கம், அவர்கள் இருப்பது லெஸ்டர். மாப்பிள்ளைக்கு வேலை விசா, இவள் அவரோடு சேர்ந்த விசாவில். பார்சல் கட்டும் இடம் ஒன்றில் வேலை செய்கிறாள். வயது 41.

குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஏதோ தட்டுப்பட்டதாம். "புளியங்கொட்டை மாதிரி, அசையாமல் இருக்குதக்கா" என்றாள். அங்கே முதலில் ஜிபி என்கிற குடும்ப டொக்டரிடம்தான் போக வேண்டும். அவர் எழுதிக் கொடுத்து பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். ஒரே காலையில் மமோகிராம், ஸ்கான், ஊசியால் சதை எடுப்பது எல்லாம் முடிந்தன. அடுத்த கிழமை கான்சர் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே விடியற்காலை 4 மணி, அங்கே இரவு 11.30. பிள்ளை தூங்கிய பிறகு குளியலறைக்குள் நின்று வீடியோவில் கடிதத்தைக் காட்டினாள். நான் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 18 மில்லிமீட்டர், கிரேட் 2, இ.ஆர். 8/8 (ஹோர்மோனால் வளர்கிற வகையாம்), ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ். கமக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றும் இருக்கிறது.

ஒப்பரேஷனுக்கு 24 நாள் கழித்துத்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். என் நித்திரை போனது அதில்தான். அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் வந்தபோது அரசாங்கக் கிளினிக் ஒன்றில் விடிய 5 மணிக்கு நம்பர் எடுத்துக் காத்திருந்தோம். மாதம் மாதமாகத் தவணை போனது. கடைசியில் அதே டொக்டரைப் பின்னேரம் பிரைவேட்டில் காசு கட்டிச் சனல் பண்ணினோம், அடுத்த கிழமை வேலை முடிந்தது. காசு கட்டினால் கதவு திறக்கும் என்று அன்றைக்குப் படித்த பாடம்.

திருகோணமலை நிலாவெளியில் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் 20 பேர்ச் காணி இருக்கிறது, அம்மாவின் சீதனம். ஹோட்டல் கட்டுகிறவர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கே பிரைவேட்டில் வெட்டுவதற்கு மட்டும் சொன்ன தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், காணியில் முக்கால்வாசி போய்விடும். மாமா ஒருவர் விற்கச் சொல்கிறார். இன்னொரு மாமா, "இன்சூரன்ஸ் ஒன்று எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லு" என்கிறார். சித்தி, "ஊருக்கே கூப்பிடு, மகரகம கான்சர் ஆஸ்பத்திரியில் இலவசம்தானே" என்கிறா. ஆளுக்கொரு கதை. தங்கச்சியோ, "அக்கா சொல்கிறபடி" என்கிறாள். அதுதான் எனக்குப் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓர்ஸ்ஹில்:

தங்கச்சி, காணி உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் இதை வாசியுங்கள்.

நான் 22 வருடம் லண்டனில் இருந்து ஊருக்கே திரும்பி வந்தவள். 2019-ல் எனக்கும் அதே இடது பக்கம், அதே மாதிரி இ.ஆர். பொசிட்டிவ். நானும் உங்களைப் போலத்தான் யோசித்தேன், ஊர்ப் புத்தி எங்கே போகும்? பெயர் பெற்ற பிரைவேட் சர்ஜன் ஒருவரிடம் காசு கட்டிப் போனேன். அழகான கதிரை, கோப்பி. இருபது நிமிடம் என் ரிப்போட்டுகளைப் பார்த்தார். அங்கத்தைய அரசாங்க வைத்திய சேவையான என்.எச்.எஸ்.ஸில் சொன்னதையே சொன்னார். கடைசியில் சிரித்துக்கொண்டு, "வியாழக்கிழமை அங்கேயும் நான்தான் வெட்டுகிறேன், அங்கேயே வாருங்கள்" என்றார்.

உங்கள் கணக்கு இந்த இடத்தில்தான் பிழைக்கிறது. நம் ஊரில் சனல் பண்ணினால் வரிசையைத் தாண்டலாம். அங்கே கான்சர் என்று எழுதிவிட்டால் வரிசையே வேறு. ஜிபி அனுப்பிய நாளிலிருந்து 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை, பிந்துகிற இடங்களும் உண்டு. ஆனால் கூட்டிப் பாருங்கள்: உங்கள் தங்கச்சிக்கு 11, அதோடு 7, அதோடு 24, மொத்தம் 42. நன்றாகவே போகிறது. அந்த நாட்களில் சர்ஜன், ஸ்கான் பார்க்கிறவர், கான்சர் டொக்டர், நேர்ஸ் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து அவளுடைய கேஸைப் பேசுவார்கள். 18 மில்லிமீட்டர் கட்டி மூன்று கிழமையில் தலைகீழாக மாறிவிடாது.

அவள் தர்மத்துக்கு வைத்தியம் கேட்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். விசா எடுக்கும்போது சுகாதாரக் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள், 2024 பெப்ரவரியிலிருந்து பெரியவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண். கட்டியிருப்பார்கள், மாப்பிள்ளையிடம் கேளுங்கள். அவருடையது சுகாதாரத் துறை விசா என்றால் அந்தக் கட்டணமே இல்லை, உரிமை அதேதான். விசாவில் "அரச உதவி பெற முடியாது" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துச் சனம் பயப்படும். என்.எச்.எஸ். வைத்தியம் அந்தக் கணக்கில் வராது. வேலையிடத்தில் கிடைக்கும் நோய்க்காலச் சம்பளமும் வராது, அது 28 கிழமை வரை உண்டு. கான்சர் என்று சொன்ன நாளிலிருந்தே சட்டம் அவளுடைய வேலைக்குப் பாதுகாப்பு. மருந்துச் சீட்டுக்கு வழமையாக ஒரு கட்டணம் இருக்கிறது, கான்சர்காரருக்கு இல்லை. எஃப்.பி.92ஏ என்ற படிவத்தை ஜிபியிடம் கேட்டு வாங்கி நிரப்பட்டும்.

இன்சூரன்ஸ் மாமாவை விடுங்கள். வீடு எரியத் தொடங்கிய பிறகு யார் காப்புறுதி தருவார்கள்?

பிரைவேட்டில் தனி அறை கிடைக்கும், நாள் கொஞ்சம் முன்னால் கிடைக்கலாம். மருந்து அதே மருந்து. பல பிரைவேட் ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவே கிடையாது, கீமோ நேரம் இரவில் காய்ச்சல் 38 வந்தால் கடைசியில் என்.எச்.எஸ். வாசலில்தான் நிற்க வேண்டும். இன்னொன்று. இவளுடையது போன்ற கட்டியில், கமக்கட்டு நெறிக்குப் பரவாவிட்டால், ஒன்கோடைப் என்று ஒரு சோதனை செய்வார்கள். கட்டித் துண்டு அமெரிக்காவுக்குப் போய்ப் புள்ளி வரும். அதைப் பார்த்துத்தான் கீமோ தேவையா என்று முடிவு. அதுவும் என்.எச்.எஸ். செலவில் நடக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்க வேண்டி வரும். எனக்கு 15 நாள் பிடித்தார்கள். 2020-க்குப் பிறகு அங்கே பலருக்கு 5 நாளில் முடிக்கிறார்கள். பிறகு தமொக்சிபன் என்ற ஹோர்மோன் தடுப்பு மாத்திரை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ. நான் இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டோடு போடுகிறேன். வேர்வை கொட்டும், ஃபேனுக்குக் கீழே இருந்து திட்டிக்கொண்டே போடுவேன்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அம்மாவை அனுப்புங்கள். எனக்கு ஒப்பரேஷன் வலி இரண்டு நாள். பானையைத் தூக்க முடியாமல் போனது ஆறு கிழமை. ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வைத்து விசிட் விசா போடுங்கள், ஆறு மாதம் நிற்கலாம். அம்மாவுக்குப் பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். வந்துபோகிறவர்களுக்கு அங்கே இலவசம் இல்லை, பில் ஒன்றரை மடங்கு வரும்.

பாலையூற்று:

சித்தி சொன்ன மகரகம பற்றி மட்டும் சொல்கிறேன். என் மனைவிக்கு அங்கேதான் பார்த்தோம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஐந்து சதம் கேட்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து 260 கிலோமீட்டர். கரண்ட் பிடித்த மூன்று கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து, நான் மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி வைத்தேன். அவவுக்குச் சிங்களம் தெரியாது, ஒவ்வொரு கவுண்டரிலும் நான் கூட நிற்க வேண்டும். இப்போது மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் பிரிவுகள் இருக்கின்றன, ஊரில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே நாள் குறித்துக் கையில் கொடுத்திருக்கும்போது விமானம் ஏறி வந்து இங்கே முதலிலிருந்து தொடங்குவதா? பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னாவது?

உப்புவெளி அக்கா:

ஓர்ஸ்ஹில் அக்கா, 11, 7, 24 என்று நீங்கள் கூட்டியதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நீல சரி விழுந்தது, பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு, "அம்மா வருவாவா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு சந்தேகம். அவளுக்கு இங்கிலிஷ் கடைப்பேச்சு அளவுதான். டொக்டர் சொல்வதைப் பாதி தலையாட்டிவிட்டு வருகிறாள்.

ஓர்ஸ்ஹில்:

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லட்டும், இலவசமாகத் தருவார்கள். மாப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். என்னுடையவர் கெட்ட செய்தியெல்லாம் விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் சொன்னார், பாவம். மார்புப் பிரிவு நேர்ஸ் ஒருவரின் நம்பரும் கொடுத்திருப்பார்கள், அந்தக் கடிதத்தின் கீழே பாருங்கள்.

மருத்துவமாது:

நான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வேலை செய்தவள். எல்லாரும் தங்கச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்காவுக்கு என்ன வயது? கூடப்பிறந்தவளுக்கு 41-ல் வந்திருக்கிறது. எப்போதாவது காட்டினீர்களா?

உப்புவெளி அக்கா:

46. இல்லை.

மருத்துவமாது:

உங்கள் பகுதிப் பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும், காசு இல்லை. மார்பும் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாய்க்குப் பாப் பரிசோதனையும் எடுப்பார்கள். எந்த நாள் என்று உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். தங்கச்சியின் ரிப்போட்டை எழுதிய அந்தக் கலண்டர் தாளையும் கொண்டு போங்கள்.

உப்புவெளி அக்கா:

கேட்டேன், வியாழக்கிழமையாம். காணிக்காரருக்கு இப்போது விற்பதில்லை என்று சொல்லியாயிற்று. அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு வந்து, லெஸ்டரில் முருங்கையிலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு இருக்கிறா.