பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்குமிடத்தைக் கணிப்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்?

உறவுகளே, வணக்கம். நாங்கள் குமரிக் கடற்கரை. அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். நீரோட்டத்தை 'நீவாடு' என்பார். கரையில் நின்று இழுக்கும் வலை எங்களுக்குக் 'கரமடி', ராமநாதபுரம் பக்கம் 'கரைவலை'. காற்றுக்கு மட்டும் எத்தனை பெயர்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான்! என் பிள்ளைகளுக்கு எல்லாமே வெறும் 'காத்து'தான். மனசு வலிக்கிறது.

கடலில் நின்றபடி, கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துப் பார்த்து, மீன் கிடக்கும் பார் இருக்குமிடத்தைப் பிடிப்பார்களே, அதை நாங்கள் 'கணியம்' என்போம். தூத்துக்குடி, நாகை, பழவேற்காடு, யாழ்ப்பாணம் பக்கம் என்ன சொல்வீர்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் உச்சரிக்கிறபடியே, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அவர்கள் குரலிலேயே பதிந்து அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும்.