மறு: பிளாண்டிமேல் ஊற்றும் சாஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இந்த இழையைத் தொடங்கியது நான்தான். பிளாண்டி (சாக்லேட் போடாத பிரவுனி மாதிரி, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் இனிப்புத் துண்டு) பற்றிய ஒரு சமையல் குறிப்பைத் தமிழாக்க உட்கார்ந்து, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு, அதன்மேல் ஊற்றும் வெண்ணெய், கிரீம் சாஸுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று இங்கே வந்து கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிளாண்டிக்கே நாலு பேர் பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் கேட்ட சாஸை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டீர்கள். முதலில் பெயர் வைத்தவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> பிளாண்ட் என்றால் பொன்னிறம். 'பொன்னி' என்று வைத்தால் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்குமே.

அழகுதான் ஐயா. ஆனால் "அரை கிலோ பொன்னி" என்று சொன்னால் என் வீட்டில் குக்கர் அடுப்பில் ஏறிவிடும். இன்னொருவர் சொன்ன 'செம்பட்டை' சிரிப்புக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் தலைமுடியைச் செம்பட்டை என்றால் எண்ணெய் வைக்கவில்லை என்று பொருள். அந்தப் பெயரில் ஒரு பலகாரத்தை யார் வாயில் வைப்பார்கள்?

நிறத்தை வைத்துப் பெயர் சூட்டுவதில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில், பெயரிலேயே பழுப்பு இருக்கும் பிரவுனிக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் சாக்லேட்டே கிடையாது. கரும்பு ஆலையில் சர்க்கரை பிரித்தபின் மிஞ்சும் கரும்பாகைச் சேர்த்துச் சின்னச் சின்ன அச்சுகளில் சுட்ட பண்டம் அது. சாக்லேட் போட்ட பிரவுனி அதே நூலின் 1906 பதிப்பில் வருகிறது. பிளாண்டிக்கு மணம் தருவதும் பழுப்புச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் அதே கரும்பாகுதான். அப்படியானால் எது பழுப்பு, எது பொன்? நிறத்தை மொழிபெயர்த்தால் இந்தச் சிக்கலையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அல்வாவும் ஜிலேபியும் தங்கள் பெயரோடுதான் வந்தன, யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. பிளாண்டி பிளாண்டியாகவே இருக்கட்டும்.

சாஸ் அப்படியில்லை. அது ஒரு பண்டத்தின் பெயர் இல்லை, ஒரு வகையின் பெயர். கேரமல் சாஸ், பட்டர்ஸ்காட்ச் சாஸ், சாக்லேட் சாஸ் என்று நாளைக்கு நூறு குறிப்புகளில் வரும். 'சாஸ்' என்று மட்டும் எழுதினால் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளி சாஸ்தான் நினைவுக்கு வரும். சரி, 'பட்டர்ஸ்காட்ச்' என்று எழுதலாம் என்றால், நம்மவர் பலருக்கு அது நறநறவென்று துணுக்கு போட்ட மஞ்சள் ஐஸ்கிரீம். (அசலில் அது கடிக்கும் மிட்டாய். இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரத்தில் 1817இல் கடை தொடங்கிய பார்க்கின்சன் குடும்பத்தால் பெயர் பெற்றது. ஊற்றுகிற வடிவம் அப்புறம் வந்தது.) 'சுவைச்சாறு' என்று சொற்பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். எந்தச் சாற்றுக்குத்தான் சுவை இல்லை?

> எங்கள் பக்கம் 'பாணி' என்றாலே விளங்கும். கித்துள் (ஒரு வகைப் பனை) பாணி, பனம்பாணி. இதற்குப் புதுச் சொல் எதற்கு?

கொழும்பிலிருந்து எழுதிய அக்காவின் இந்த மடலைத்தான் அதிக நேரம் யோசித்தேன். நல்ல சொல், நாவில் இருக்கும் சொல். போறணை (ரொட்டி சுடும் அடுப்பு), பாண் (ரொட்டி) எல்லாம் அன்றாடம் புழங்கும் ஊரில் இதையும் அப்படியே எழுதலாம். ஆனால் தமிழ்நாட்டில் பாணி என்றால் 'அவர் பேசும் பாணி'தான். அதோடு, அக்கா, பாணி என்பது சாற்றைக் காய்ச்சி இறக்கியது. தெளிவாக, ஒழுகலாக இருக்கும். நான் சொல்லும் சாஸில் வெண்ணெயும் கிரீமும் சேர்ந்து கலங்கலாக, கனமாக இறங்கும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் கித்துள் பாணிக்குத்தான் நட்டம்.

நான் முன்வைக்கும் சொல்: வார்பாகு.

தோசை வார்க்கிறோம், நெய் வார்க்கிறோம். வார்த்த, வார்க்கின்ற, வார்க்கும் பாகு. ஊறுகாய் போல, சுடுநீர் போல வினைத்தொகை. ஆகவே நடுவில் 'ப்' கூடாது. 'வார்ப்பாகு' என்று எழுதினால் வார்ப்பிரும்பு நினைவு வந்து பல் கூசும். வகைகளைச் சொல்வதும் எளிது: வெண்ணெய் வார்பாகு, சாக்லேட் வார்பாகு, கருப்பட்டி வார்பாகு.

> பாகு என்றால் இறுகிவிடுமே? இது இறுகக் கூடாதே?

இறுகுவது பாகின் குணம் இல்லை, பதத்தின் குணம். ஜாமூன் பாகு இறுகுகிறதா? பிசுக்குப் பதத்தில் இறக்குகிறோம், அப்படியே நிற்கிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஏற ஏறத்தான் இறுக்கம் வருகிறது. வார்பாகில் கிரீமின் நீரும் கொழுப்பும் சர்க்கரையை இறுகவிடாமல் வைத்திருக்கும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் பாகு பூக்காது என்று பாட்டிமார் செய்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். புளிப்பு சர்க்கரையை உடைப்பதால் படிகம் சேர முடிவதில்லை.

சொல் நாற்காலியில் உட்கார்ந்து செய்ததாக இருக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை சமைத்தும் பார்த்தேன். பிளாண்டிக்கு வெண்ணெய் 115 கிராம், நாட்டுச் சர்க்கரை 200, மைதா 125, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரையே பொருத்தம். மேல்நாட்டில் பழுப்புச் சர்க்கரைக்காக, ஆலையில் வெளுத்த சர்க்கரையில் நூற்றுக்கு மூன்றரை பங்கு போலக் கரும்பாகைத் திரும்பக் கலக்கிறார்கள். நம்முடையதில் அது போகவே இல்லை. ஆனால் கட்டியை உதிர்த்துச் சலிக்க வேண்டும். நான் சலிக்கவில்லை. வெட்டிய துண்டில் கருப்புப் பொட்டுப் பொட்டாக வந்தது, மகள் எறும்பு என்று நினைத்தாள்.

வார்பாகுக்கு 60 கிராம் வெண்ணெயையும் 100 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் உருக்கி, அரை டம்ளர் கிரீமை ஊற்றினேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியது என் தப்பு. புஸ்ஸென்று விளிம்புவரை பொங்கியது, சர்க்கரை கட்டி தட்டியது. தணலைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன், ஐந்து நிமிடத்தில் கரைந்து ஒன்றுசேர்ந்தது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது, அதுதான் பதம். ஆறும்போது இன்னும் கெட்டியாகும். ஆறியபின் நீர்த்திருக்கிறதே என்று மறுபடி அடுப்பில் வைக்கலாம், கெட்டியானதை இளக்குவதும் கஷ்டமில்லை.

குறிப்பை மொழிபெயர்க்கும்போது சொல்லைவிடப் பெரிய ஆபத்து ஒரு வரியில் இருந்தது. 175 டிகிரியில் 20 நிமிடம் ஆனதும் பல்குத்தியால் குத்திப் பார்க்க வேண்டும். என் முதல் வரைவில் 'சுத்தமாக வர வேண்டும்' என்று எழுதியிருந்தேன், கேக் பழக்கத்தில். அப்படிச் சுத்தமாக வந்தால் பிளாண்டி கெட்டது, அது வெறும் கேக். குத்தியில் ஈரத்துணுக்கு நாலைந்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும். மாவாக வழியவும் கூடாது. நடுப்பகுதி கடித்தால் லேசாக இழுக்கும். இதற்கு ஒரு சொல் தேடி 'மெல்லிழுவை' என்றெல்லாம் எழுதி அடித்தேன். கடைசியில் 'ஜவ்வுப் பதம்' என்று எழுதிவிட்டேன். ஜவ்வு மிட்டாய் தின்ற எவருக்கும் உரை தேவையில்லை.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நம் பட்டியலில் 'வார்பாகு' என்று ஏற்றி, அதன் கீழே 'இலங்கை வழக்கில் பாணி, ஒப்பு நோக்குக' என்று சேர்த்துவிடுகிறேன்.

பி.கு.: வெண்ணெயைப் பழுப்பேற உருக்கும் செய்முறைக்கும் ஒருவர் சொல் கேட்டிருந்தார். நெய் உருக்கும்போது அடியில் செந்தவிட்டு நிறத்தில் தங்குவது கசண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுப்பார்கள். மேல்நாட்டார் அதை வடிகட்டாமல் நெய்யோடு சேர்த்தே மாவில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. 'கசண்டுநெய்' என்றால் எல்லா வட்டாரத்துக்கும் விளங்குமா? உங்கள் பக்கம் அந்த அடிமண்டிக்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.