மண்புழு இருக்கிற காட்டில் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

எருத்தேம்பதி_காடு
கேரளா, பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம், கரிசல் மண், ஒன்றரை ஏக்கர். மக்காச்சோளம், அடுத்து நிலக்கடலை. மழை பெய்தால் மண்வெட்டி மண்ணுக்கு நாலஞ்சு புழு தெரியுது. புழுவே தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்துடும், யூரியாவே வேண்டாம்ங்கறாங்க சிலர். மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கிற புழுவை வாங்கி விடுங்கறாங்க வேற சிலர். எது சரிங்க?

கரிசல்மண்
புழு தழைச்சத்தை உண்டாக்காதுங்க. காற்றிலிருந்து பிடிக்கிறது கடலை வேர்முடிச்சில் இருக்கிற ரைசோபியம்ங்கிற பாக்டீரியா. புழு செய்றது, சருகிலும் மட்கிலும் பூட்டிக் கிடக்கிறதைத் தின்று அமோனியாவாகவும் யூரியாவாகவும் கழிக்கிறது. மீதி வேலை நுண்ணுயிருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. சதுர மீட்டருக்கு 50 கிராம் புழு இருந்தால் ஏக்கருக்கு 200 கிலோ. ஈரம் போக 30–40 கிலோ, அதில் தழைச்சத்து 3–4 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ இருக்கு. புழு செத்து மட்குறதை நம்பி மூட்டையைக் குறைக்க முடியாது. அது தின்று தள்ளுற சருகில்தான் லாபம்.

58 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த கட்டுரையில், புழு இருந்த மண்ணில் மகசூல் சராசரியா 25% கூடுதல். ஆனா பயிர்க்கழிவு திரும்பப் போட்ட இடத்தில்தான் பலன் அதிகம். தழைச்சத்து ஏற்கெனவே தாராளமா இருந்த மண்ணில் பலன் மறைஞ்சே போச்சு. பயறு வகைக்கும் பெரிசா எதுவும் இல்லை, அதனால கடலைக்குப் புழுவை எதிர்பார்க்காதீங்க.

தோப்புக்காரர்
தொட்டிப் புழுவுக்குக் காசு வீண். தொட்டியில் வளர்க்கிற ஐசீனியாவும் ஆப்பிரிக்கப் புழுவும் சாணக்குப்பையில் மேலாக வாழுற சாதி. வெறும் காட்டில் விட்டால் தீனி இல்லாம, வெயிலில் சாகும். நம்ம மண்ணிலேயே இருக்கிற லாம்பிட்டோ மாதிரி புழுவுக்கு மூடாக்கு, அதாவது மண்ணை மூடுற மாதிரி தழை, சருகு போட்டால் போதும், தானா பெருகும்.

மக்காச்சோளத் தட்டையை மட்டும் போட்டால் ஒரு சிக்கல். கார்பன் மிகுதி, அதை மட்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கும், பயிர் வெளுக்கும். கடலைக்கொடி, கிளைரிசிடியா தழை, சணப்பு ஏதாவது கலந்து போடுங்க. விதைப்புக்கு மூணு நாலு வாரம் முன்னாடி. ரொட்டவேட்டரை அடிக்கடி ஓட்டினால் புழுவும் வளையும் சேர்ந்து போயிரும்.

எருத்தேம்பதி_காடு
சரிங்க, அப்ப எவ்வளவு குறைக்கிறது?

கரிசல்மண்
முதலில் எண்ணுங்க. மண் ஈரமா இருக்கும்போது காலையில் 30 செ.மீ. நீளம், அகலம், ஆழத்தில் அஞ்சு குழி. சராசரியை 11-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனைனு வரும். கோடையில் எண்ணாதீங்க, புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும்.

மண் பரிசோதனை சிபாரிசை அப்படியே வெச்சு, எட்டு வரிசைக்கு மட்டும் மேலுரத்தில் (பயிர் வளர்ந்தப்புறம் போடுற யூரியாவில்) கால்வாசி குறைங்க. அடியிலை நுனியிலிருந்து நடுநரம்போட மஞ்சள் ஏறினால் தழைச்சத்து பத்தலை, உடனே மீதியைப் போட்டுடுங்க. ஏறலைன்னா கதிர் எடையைப் பக்கத்து வரிசையோட ஒப்பிட்டு, அடுத்த போகத்தில் முழுக் காட்டுக்கும் குறைக்கலாம். யூரியாவை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். கனமழையில் நைட்ரேட் புழு வளை வழியாவே கீழே இறங்கிடும்.

தோப்புக்காரர்
இன்னொண்ணு. மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவுக்குன்னு எல்லை தாண்டிப் போய் கார்போபியூரான்ங்கிற பூச்சிக்கொல்லிக் குருணை வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க. கேரளாவில் அது தடை, மண்புழுவுக்கும் கடும் விஷம். அதைப் போட்டுட்டுப் புழு எண்ணிப் பிரயோசனமில்லைங்க.