பகல் கனவில் மூழ்கியதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். படிக்க உட்கார்ந்தால் கண் பாட்டுக்கு வரி வரியாக ஓடுகிறது, மனசு எங்கோ போய்விடுகிறது. பக்கத்தைப் புரட்டிய பிறகுதான் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை என்று தெரிகிறது. உள்ளே ஓடுவது பெரும்பாலும் உரையாடல்தான். யாரிடமோ கேட்க நினைத்ததை, அவர் பதிலையும் சேர்த்து, நானே பேசிக்கொண்டிருப்பேன். சில சமயம் உதடுகூட அசையும். (பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!)

மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளதுதான். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பலரிடம் கைபேசி வழியே அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்ததாம். 2002-ல் ஏலி சோமர் என்ற உளவியலாளர் விவரித்த, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கான பகல் கனவும் இதுவல்ல என்றே நினைக்கிறேன். நல்ல யோசனைகளும் இப்படித்தான் வருகின்றன, அதனால் அடியோடு விட ஆசையில்லை.

மனம் நழுவியதைச் சட்டென்று கவனிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அலாரம் வைத்தேன், எப்போது அடிக்கும் என்ற யோசனையிலேயே கவனம் போனது. வாய்விட்டுப் படித்தால் கொஞ்சம் நிற்கிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் அதுவும் முடியாது. ‘தியானம் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லாமல், எப்படிச் செய்தீர்கள், பலன் தெரிய எவ்வளவு நாளானது என்றும் எழுதுங்கள், ப்ளீஸ்.